தாய்மாமன் போர்த்திய கோடி

குணசுந்தரி பிறவியிலேயே பயந்தவள். இதை அவளுக்கு ஆகாதவர்கள் சொல்லவில்லை, அவளே சொல்வாள். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். கம்பெனியில் சூப்பர்வைசர் தும்மினால்கூடத் தன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று எழுந்து நிற்பாள். அப்படிப்பட்டவள் போயும் போயும் ஒரு முஸ்லிம் பையனுக்கு எந்தத் தைரியத்தில் மனசு கொடுத்தாள் என்று கேட்டால், நான் என்ன சொல்ல? மனசு கொடுப்பதற்குத் தைரியம் வேண்டியதில்லை. கொடுத்த பிறகுதான் வேண்டியிருக்கிறது.

பொன்னேரிக்கு மேற்கே, நாலு பக்கமும் நெல் வயல் சூழ்ந்த ஊர் அவளுடையது. அப்பா ராஜமாணிக்கம் நிலபுலன் உள்ளவர். ஊரில் நாலு பேர் கூடிப் பேசினால் நடுவில் உட்காருகிறவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, நிலம் இருக்கிற வீட்டுப் பெண் எதற்கு ரயிலேறிப் போகவேண்டும் என்று அக்கம்பக்கம் கேட்டது. “எம் பொண்ணு ஆசப்படுது, போவட்டும்” என்று அத்தனை வாயையும் அடைத்தவர் அவர்தான். மழை நாளில் மகளை டிவிஎஸ் வண்டியில் உட்காரவைத்து, தான் நனைந்துகொண்டு, அவள் தலைக்கு யூரியா சாக்கைப் பிடித்தபடி ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவார். மகளை அப்படித் தாங்கினார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவரைப் பார்த்து வருகிற பயம் பெரிய பயமே இல்லை.

சிராஜ் பழவேற்காட்டுப் பையன். வாப்பா தாஹாவுக்கு அங்கே கடைத்தெருவில் ஜவுளிக்கடை. சம்பள நாளில் நைட்டி மூட்டையை பைக்கில் கட்டிக்கொண்டு சிப்காட் கம்பெனி வாசல்களில் வந்து நிற்பான். இரண்டாயிரத்து ஐந்தில், மழை கொட்டித் தீர்த்த அந்த வருஷம், குணசுந்தரி அவனிடம் ஒரு நைட்டி வாங்கினாள். அடுத்த மாதம் அதையே கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

“இன்னா தையல் இது? ஒரு தண்ணில பிரிஞ்சிக்குது.”

“நீ எப்டி தொவச்ச? கல்லுல அடிச்சியா?”

“கல்லுல அடிக்காம, உன் கன்னத்துலயா அடிப்பாங்க?”

இடிக்குப் பயப்படுகிறவள் பேசிய பேச்சு இது. மாற்றிக் கொடுத்தான். அதுவும் பிரிந்தது. மூன்றாவதும் பிரிந்தபோது, பக்கத்து மேஜையில் வேலை செய்யும் மேரி சிரித்துவிட்டாள். “லூசு, அவன் வேணும்னே பிரிஞ்சதா பாத்து குடுக்கிறாண்டி.”

அந்தக் கணத்திலிருந்து குணசுந்தரிக்குள் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. அது சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே வந்தன, ஒன்றாகவே வளர்ந்தன.

பேசிக்கொள்வதற்கு அவர்களுக்கு இருந்த இடம் கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்றுதான். அதிலும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அவள் பெண்கள் பெட்டியில் ஏறுவாள், அவன் அடுத்த பெட்டியில். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, பிளாட்பாரத்தின் கடைசி வரை முன்னும் பின்னுமாக நடக்கிற நேரம்தான் அவர்களுடையது. அவன் முன்னால் போய்க்கொண்டே பேசுவான், அவள் பின்னால் போய்க்கொண்டே தரையைப் பார்த்துப் பதில் சொல்வாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் தங்களுக்குத் தாங்களே முணுமுணுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். ஊர்க்காரர் ஒருவர் எதிரே வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு அவளுக்கு இறங்காது.

பயம் சும்மா வந்ததல்ல. பக்கத்து ஊரில் ஒரு பெண் வேற்றுச் சாதிப் பையனோடு போய்விட்டாள். நல்ல வார்த்தை சொல்லி அழைத்து வந்து விருந்து போட்டார்கள். ஒரு வாரத்தில் வயிற்றுவலி வந்து செத்துப்போனாள் என்றார்கள். திடகாத்திரமான பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது அப்படி ஒரு வயிற்றுவலி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசியபோது ராஜமாணிக்கமும் போயிருந்தார். திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டு, “சோறு போடும்மா” என்று மகளிடம் கேட்டார். அவள் போட்டாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். மோரை அவள் தட்டுக்கு வெளியே ஊற்றியதை, தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

சிராஜ் வீட்டிலும் பாயாசம் காத்திருக்கவில்லை. அரசல்புரசலாகக் காதில் விழுந்ததுமே அண்ணன் மொஹசின் கடையில் வைத்தே கேட்டான். “அந்தப் பொண்ணு கலிமா சொல்லுமா? சொல்லாதுன்னா, உம்மா மவுத்தான சேதி வந்தாகூட நீ இந்த வாசப்படி ஏறக்கூடாது.” குணசுந்தரி மாறமாட்டாள் என்பது சிராஜுக்குத் தெரியும். அவன் மாறமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்படியே இருந்துகொண்டு கட்டிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறதாம். ஆனால் பெயரும் ஊரும் எழுதி ஆபீஸ் சுவரில் ஒரு மாதம் ஒட்டி வைப்பார்களாம். “ஒரு மாசமா?” என்றாள் அவள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அண்ணனோடு முட்டிக்கொண்டு சிராஜ் கடையை விட்டு வந்துவிட்டான். கும்மிடிப்பூண்டியில் ஒரு அறையில் நாலு பேரோடு தங்கி வேலை தேடினான். கிடைத்தது இரும்பு உருக்கும் மில்லில், உலைப் பக்கம். அதுவும் எப்படிக் கிடைத்தது தெரியுமா? இன்னொருத்தன் பெயரில்.

சிப்காட்டில் இது ஊரறிந்த விஷயம். கான்ட்ராக்டருக்கு ஆள் கணக்குக் குறையக் கூடாது. ஒருத்தன் லீவு போட்டால், அவன் கேட் பாஸையே இன்னொருத்தன் கழுத்தில் மாட்டி உள்ளே அனுப்பிவிடுவார்கள். வாட்ச்மேன் நம்பரைப் பார்ப்பானே தவிர, மூஞ்சியைப் பார்க்கமாட்டான். பாஸில் ஒட்டியிருக்கிற போட்டோவும் சூட்டில் வெளுத்து, யார் பெற்ற பிள்ளைக்கும் பொருந்தும். சிராஜுக்கு அப்படிக் கிடைத்த பாஸ் சந்திரமோகனுடையது.

சந்திரமோகன் யார் என்றால், குணசுந்தரியின் சொந்த அத்தை மகன். ராஜமாணிக்கத்தின் தங்கை தேசம்மாள் பெற்ற ஒரே பிள்ளை. அவனுக்கு லாரி என்றால் உயிர். ஆனால் அவன் சித்தப்பா லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து, லாரி ஏறமாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அந்தச் சத்தியத்தைத்தான் காற்றில் விட்டுவிட்டு, நாக்பூருக்குப் போகிற லாரியில் கிளீனராக ஏறிவிட்டான். வீட்டில் கேட்டால் மில்லில்தான் இருக்கிறேன், ஓவர்டைம், வர முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கான்ட்ராக்டர் சின்னதுரையிடம் பாஸைக் கொடுத்துவிட்டுப் போனான். சின்னதுரை அதை சிராஜ் கழுத்தில் மாட்டினான்.

“உங்க அத்த புள்ள பேருலதான் இப்ப சுத்திக்கினு இருக்கேன்” என்று பிளாட்பாரத்தில் முன்னால் நடந்தபடி சொன்னான் சிராஜ். “உங்க நைனாவுக்கு நான் மருமவன் முறதான் இப்போ.”

“வெளயாட்டு மயிரு வேணாம். கழட்டிக் குட்த்துட்டு வேற வேல பாரு.”

“ரெண்டு வாரம். லாரில நாக்பூரு போயிருக்கான், வந்துருவான். அதுக்குள்ள சின்னதுரை எனக்குத் தனி பாஸ் வாங்கித் தரேன்னிருக்கான்.”

“நெருப்புகிட்ட வேல உனக்கு எதுக்கு? எங்க ஊரு சுடுகாட்டுப் புகையப் பாத்தே மூஞ்சத் திருப்பிக்கிற ஆளு நீ.”

அது உண்மை. ரயிலிலிருந்து எரிகிற சிதை தெரிந்தால் அவன் அந்தப் பக்கம் பார்க்கமாட்டான். செத்தவனை எரிப்பது அவனால் தாங்க முடியாத ஒன்று. “உங்க வழக்கம் உங்களுக்கு. எனக்கு மண்ணு போதும்பா” என்பான். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நாலைந்து நாள் கழித்து, காலை டீ நேரத்தில், கம்பெனிக் கூரைத் தகடு அதிர்ந்தது. எங்கோ டமார் என்று ஒரு சத்தம். சிப்காட்டில் சத்தம் புதிதல்ல. கொஞ்சம் அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் டீயைக் குடித்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போவதற்குள் சேதி வந்துவிட்டது. பழைய இரும்போடு மூடிய சிலிண்டர் ஒன்று உலைக்குள் போய் வெடித்ததாம். ஒரு ஆள் அவுட். சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டு நேராகக் குணசுந்தரியிடம் வந்தார்.

“உங்க ஊரு ஆளாம்மா. சந்திரமோகன்னு பேரு. உனக்குச் சொந்தமா?”

அவள் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தாள். அலறினாள். மூடிகள் தரையெல்லாம் உருண்டன. “அத்த மவன்தான் சார், அவளுக்குத்தான் கட்டிவைக்கிறதாப் பேச்சு” என்று யாரோ சொன்னார்கள். பாவம் பாவம் என்று ஆளாளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவினார்கள். பாருங்கள் இந்த அநியாயத்தை. சிராஜுக்காக அவள் வாய்விட்டு அழ உலகம் அனுமதி கொடுத்தது, அதுவும் இன்னொருத்தன் பெயரைச் சொல்லி. மேரி மட்டும் அவள் முகத்தைப் பார்த்தாள், விஷயம் தெரிந்தவள் ஆயிற்றே. “பாஸா?” என்று காதில் கேட்டாள். குணசுந்தரி தலையை ஆட்டினாள். மேரி அவள் வாயைத் தன் தோளில் வைத்து அழுத்திக்கொண்டாள். “அழு. பேர மட்டும் சொல்லிறாதடி.”

கம்பெனி வேனில் இருவரையும் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊரே வந்து நின்றது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து, உடம்பை வெள்ளைத் துணியில் சுற்றி மார்ச்சுவரி வராண்டாவில் கிடத்தியிருந்தார்கள். தேசம்மாளின் புருஷன் சுப்பராயன் உள்ளே போய்ப் பார்த்தார். முகம் என்று ஒன்று இருந்தால்தானே அடையாளம் சொல்ல? பாதி உருகிய பாஸைக் காட்டினார்கள். பெயர் இருந்தது, நம்பர் இருந்தது. “எம் புள்ளதான்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பெண்கள் பார்க்க வேண்டாம் என்று ஆண்கள் தடுத்துவிட்டார்கள். தேசம்மாள் வேப்பமரத்தடியில் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு கிடந்தாள்.

அப்போதுதான் குணசுந்தரி அதைப் பார்த்தாள்.

அவளுடைய நைனா ராஜமாணிக்கம் தோளில் புதுத் துணியோடு வராண்டாப் படி ஏறினார். செத்தவனுக்குத் தாய்மாமன் கோடி போர்த்தவேண்டும், அது அவர் உரிமை. எந்தப் பையன் தன் மகள் பின்னால் சுற்றுகிறான் என்று தெரிந்தால் வெட்டிப் போட்டிருப்பாரோ, அந்தப் பையன் மேல் அந்தத் துணியை விரித்தார். ஓரங்களை இழுத்து ஒழுங்காகச் செருகினார். “மாமன் உனக்குக் கல்யாண வேட்டி எடுக்கணும்னு இருந்தேண்டா கண்ணு, கோடி எடுக்க உட்டியே” என்று துணி சுற்றிய அந்தத் தலையில் முகம் வைத்து அழுதார். அவர் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

சுவரோரம் சின்னதுரை நின்றுகொண்டிருந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. அவளும் மேரியும் அவனிடம் போனார்கள்.

“அது சந்திரமோகன் இல்லன்னு உனக்குத் தெரியும்ல?” என்றாள் குணசுந்தரி, உதடு அசையாமல்.

அவன் திடுக்கிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். “தெரியும். இன்னா இப்போ? அந்தப் பையனத் தேடி ஒருத்தரும் வரல. எரிச்சிட்டா முடிஞ்சிது. உங்க ஆளு திரும்பி வந்தா, அப்போ பாத்துக்கலாம். இப்ப வாயத் தொறந்தா கம்பெனிக்கு பேஜாரு, எனக்கு ஜெயிலு.” அவளை மேலும் கீழும் பார்த்தான். “ஆமா, உனக்கு எப்டித் தெரியும்? அவன் உனக்கு இன்னா வேணும்?”

மேரி அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“அவன் சொல்றது ஞாயம் இல்லதான். ஆனா நீ சும்மா இருந்தா பொழச்சிப்ப” என்றாள் மேரி. “ஒரு நாயிக்கும் தெரியாது. சிராஜே போய்ட்டாரு. இனிமே உன்ன யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க.”

மேரி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இத்தனை மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்த பயம் அந்தச் சாயங்காலத்தோடு முடிந்துபோய்விடும். அவள் சும்மா இருந்தால் போதும். ஊர் போய்ச் சேர்ந்ததும் சிதை அடுக்குவார்கள். அவர்கள் வகையறாவில் பால்குடிப் பிள்ளையைத் தவிர யாரையும் புதைப்பதில்லை. சுப்பராயன் மாமா கொள்ளி வைப்பார். பழவேற்காட்டில் ஒரு உம்மா, பிள்ளை கோபத்தில் எங்கோ இருக்கிறான், பெருநாளைக்கு வந்துவிடுவான் என்று காத்திருப்பாள். இதெல்லாம் நடக்கும்போது குணசுந்தரி பத்திரமாக இருப்பாள்.

வேன் பின்பக்கமாக வந்து நின்றது. நாலு பேர் தூக்கப் போனார்கள்.

அவள் ஓடவில்லை, கத்தவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய்த் தேசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்தாள்.

“அத்தே, அழாத. அது உம் புள்ள இல்ல.”

தேசம்மாள் வெறித்துப் பார்த்தாள். துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவளை இழுக்க வந்தார்கள். அவள் கையை விடவில்லை.

“மோகன் லாரில போயிருக்கான் அத்தே, நாக்பூருக்கு. உன் தலயில அடிச்சி சத்தியம் பண்ணதால உங்கிட்ட சொல்லல. அவன் பாஸ்ல வேற ஆளு வேலைக்குப் போச்சு. கால மட்டும் பாரு அத்தே. பெத்தவ நீ, உனக்குத் தெரியாதா?”

தேசம்மாள் எழுந்தாள். தடுத்த ஆண்களை நெட்டித் தள்ளிக்கொண்டு படியேறினாள். தன் அண்ணன் போர்த்திய கோடியைக் கால் பக்கம் தூக்கி, சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். மோகன் சின்ன வயதில் களைக்கொத்தில் வெட்டிக்கொண்டதில் வலது கால் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். இந்த வலது காலில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன. அவள் அந்தப் பாதத்தைப் பிடித்தபடி, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள்.

கூட்டம் குழம்பியது. மார்ச்சுவரி வேலையாள் தாவீது அப்போதுதான் வாயைத் திறந்தான். “துணி சுத்தும்போதே பாத்தேன் சார், இது பாய் ஊட்டுப் புள்ளன்னு தோணிச்சி. அவங்களே கையெழுத்துப் போட்டாங்க, நமக்கு இன்னா வம்புன்னு உட்டுட்டேன்.” அங்கே இருந்த போலீஸ் ஏட்டு, சின்னதுரையின் காலரைப் பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பெயரைக் கேட்டபோது மட்டும் விழித்தான். “சிராஜோ இன்னாவோ சார், ஊரு தெரியாது.”

“பழவேற்காடு” என்றாள் குணசுந்தரி. “சிராஜ்தான். வாப்பா பேரு தாஹா. கடத்தெருவுல ஜவுளிக்கட. அவங்களுக்குச் சொல்லி அனுப்புங்க சார். எரிச்சிறாதீங்க.”

“உனக்கு எப்டிம்மா தெரியும்?” என்றார் ஏட்டு. அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வராண்டாவில் அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் நைனாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நாங்க ரெண்டு பேரும் கட்டிக்கிறதா இருந்தோம்.”

ராஜமாணிக்கம் கொஞ்ச நேரம் அந்தக் கோடியைப் பார்த்தபடி நின்றார். பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் வந்தார். கை ஓங்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. எப்போதும்போல அவள் தலையில் கை வைத்தார்.

“வாடா பாப்பா. ஊட்டுக்குப் போலாம். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்ட்டிருக்கமாட்ட நீ.”

அடித்திருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அதற்குள் தேசம்மாள் பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “எம் புள்ளயத் திருப்பிக் குட்த்தியேடி, எஞ்சாமி” என்று ஊர் கேட்க அழுதாள், கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம் கொடுத்தாள். அந்த அழுகைக்கு நடுவிலேயே, உடன்பிறந்தவனுக்குக் கேட்காதபடி, அவள் காதில் சொன்னாள்.

“எங்கண்ணங்கூட மட்டும் போய்டாத.”

குணசுந்தரி அத்தையின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். நைனா கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அழுது சிவந்த கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அவள் ஏட்டு உட்கார்ந்திருந்த பெஞ்சின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மேரியும் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“நான் வரல நைனா” என்றாள்.

அவள் தன் அப்பாவிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். சிராஜுக்குப் பழவேற்காட்டில் மண் கிடைத்தது. மூடிக் கம்பெனியில் இன்றைக்கும் வேலை செய்கிறாள், மேரி வீட்டு மாடியில் இருக்கிறாள். அவளுக்கென்று ஊரிலிருந்து யாராவது சோறு கொடுத்தனுப்பினால், வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கொட்டிவிடுகிறாள்.